உருப்போடும் உரிமைகள்!

மார்ச்சுத் திங்கள் பிறந்தால் போதும். திண்ணையிலே, மாடியிலே, மரத்தடியிலே, கண்மாய்க் கரையிலே, கையில் ஏடும் வாயில் முணுமுணுப்புமாக நம் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிவிடுவர். பன்னிரண்டாம் வகுப்பிலே கலைப் பிரிவை எடுத்து, அரசியல் அறிவியல் படிக்கும் மாணவன் ஓதுவதைச் சற்றே செவிமடுங்கள்: "14, சட்டத்தின் முன் சமம். 17, தீண்டாமை ஒழிப்பு. 19, சுதந்திரங்கள். 21, உயிர். 32, நீதிமன்றத்தை நாடும் உரிமை." ஓதி முடித்ததும் மீண்டும் 14.

ஓசை இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, பொருள் எங்கே? 17ஆம் பிரிவை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் அந்த மாணவனிடம், "உன் ஊர்த் தேநீர்க் கடையிலோ, கோவில் வாசலிலோ அந்தப் பிரிவு மீறப்பட்டால் நீ யாரிடம் போவாய்? என்னவென்று முறையிடுவாய்?" என்று வினவிப் பாருங்கள். விழிப்பான். ஏனெனில், அந்த வினா அவனுடைய நோட்ஸில் இல்லை!

பொருளறியாது ஓதுவதை மந்திரம் என்று சொல்லி எள்ளி நகையாடியவர்கள் நாம். ஓதுபவனுக்கும் விளங்காது, கேட்பவனுக்கும் விளங்காது, விளங்காதிருப்பதே அதன் புனிதம் என்ற புரட்டை மேடைதோறும் தோலுரித்தவர்கள் நாம். அரசமைப்புச் சட்டத்தையே அந்த முறையில் ஓதவைத்தால், அதற்கு மட்டும் கல்வி என்று பெயர் சூட்டுவது எவ்வாறு பொருந்தும்?

ஆட்சி எவ்வாறு நடக்கிறது என்பதைக் கற்பிக்கும் பாடத்துக்கு நம் இளைஞர்கள் ஆயத்தமாகும் முறை, அந்தப் பாடத்துக்கே பகையாக இருக்கிறது என்பதுதான் நமது குற்றச்சாட்டு. கேள்வி கேட்கும் குடிமகனை உருவாக்கப் பிறந்த பாடம், கேள்விக்கு விடை ஒப்பிக்கும் கிளியை வளர்த்துக் கொண்டிருக்கிறது. 17 வயதில் தேர்வு எழுதுபவன் 18 வயதில் வாக்காளன். வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆவது திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. தேர்வுக் கூடத்துக்கும் வாக்குச் சாவடிக்கும் இடையே இருப்பது ஒரே ஆண்டு. அந்த ஓராண்டுத் தொலைவை நோட்ஸ் கடக்குமா?

தேர்வின் உடற்கூற்றைப் பார்ப்போம். எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. அதன்பின் 2 மதிப்பெண்ணில் 7, 3 மதிப்பெண்ணில் 7, 5 மதிப்பெண்ணில் 7. அளந்து போட்ட படி அரிசிபோல் வினாக்கள். அளந்து கொடுக்கும் விடைகள். பாடநூலைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. இந்திய அரசமைப்பு, சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை, கூட்டாட்சி என அகன்ற பொருளை அது எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால், அந்த நூலுக்கும் மாணவனுக்கும் இடையே தரகர் ஒருவர் வந்து அமர்ந்துவிடுகிறார். அவர்தான் நோட்ஸ். இன்று அவருக்குத் துணையாக, "இந்தப் பத்து வினா போதும், தேர்ச்சி உறுதி" என்று யூடியூபிலே கூவும் குரல்களும் சேர்ந்துகொண்டன.

தரகரின் கைவண்ணத்துக்கு எடுத்துக்காட்டு ஒன்று போதும். குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் யாவை? ஆட்சி அதிகாரம், சட்ட அதிகாரம், நிதி அதிகாரம், நீதி அதிகாரம், நெருக்கடிக் கால அதிகாரம். ஐந்து தலைப்பு; ஐந்து மதிப்பெண். ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு வரி. படித்தவன் மனத்தில் எழும் உருவம் என்ன? போர் தொடுப்பவர், மன்னிப்பு வழங்குபவர், அவையைக் கூட்டுபவர், கலைப்பவர், முடிசூடிய மன்னர்! அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்கவேண்டும் என்கிறது 74ஆம் பிரிவு. நாடாளுமன்ற ஆட்சி முறையின் உயிர்நாடியே அந்த ஒரு வரிதான். ஐந்து தலைப்பில் அடங்காத காரணத்தால் அது பட்டியலின் வாலிலே தொங்கும். அல்லது விட்டே போகும். பட்டியல் பிழையற்றது, பட்டியலால் பிறக்கும் அறிவோ முற்றிலும் பிழையானது. முழு மதிப்பெண் வாங்கியவன், தன்னை ஆள்பவர் யார் என்று அறியாமலே பள்ளியைவிட்டு வெளியேறுகிறான்.

இனி, கடல் கடந்து ஒரு காட்சி.

அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஏ.பி. எனப்படும் மேல்தரத் தேர்வுகள் உண்டு. கல்லூரித் தொடக்கநிலைத் தரத்தில் ஒரு பாடத்தைப் பள்ளியிலேயே பயின்று, மே திங்களில் எழுதி, 1 முதல் 5 வரை தரப்புள்ளி பெறுகின்றனர். காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்துகிறது. அவற்றுள் ஒன்று அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் பற்றியது. 80 நிமிடத்தில் 55 தெரிவு வினாக்கள். 100 நிமிடத்தில் 4 விரிவிடை வினாக்கள். இரண்டு பகுதிக்கும் சரிபாதி மதிப்பு.

அந்த நான்கு வினாக்களின் தன்மையைத்தான் நம் தோழர்கள் உற்று நோக்கவேண்டும். முதல் வினா ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, படித்த கருத்தை அதிலே பொருத்திக் காட்டச் சொல்லுகிறது. இரண்டாவது, அட்டவணையோ வரைபடமோ தந்து, அந்த எண்கள் என்ன பேசுகின்றன என்று கேட்கிறது. மூன்றாவது, மாணவன் படித்திருக்கும் தீர்ப்பு ஒன்றையும் அவன் படித்திராத தீர்ப்பு ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுகிறது. நான்காவது, ஒரு கருத்தை நிலைநாட்டி வாதிடச் சொல்லுகிறது. அதோடு நில்லாமல், உன் கருத்தை மறுப்பவன் என்ன சொல்வான், அவனுக்கு உன் விடை என்ன என்றும் கேட்கிறது. நான்கிலும் உருப்போட்டவன் தோற்பான், உணர்ந்தவனே வெல்வான்.

அதற்கு ஆயத்தமாக மாணவன் படிக்க வேண்டியவை, மூல ஆவணங்கள் 9. உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் 14. 1787இல் வரையப்பட்ட அரசமைப்பு அந்த ஒன்பதிலே ஒன்று. அதனை ஆதரித்து மேடிசனும் ஹாமில்டனும் எழுதிய கட்டுரைகள் சில. இவை இருப்பதில் வியப்பில்லை. வியப்பு எதிலே? அந்த அரசமைப்பை ஏற்காதீர், நடுவண் அரசு மாநிலங்களை விழுங்கிவிடும் என்று புரூட்டஸ் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய கடுங்கண்டனமும் அந்த ஒன்பதிலே இருக்கிறது! பெரிய குடியரசிலேதான் ஒரு கூட்டத்தின் ஆதிக்கம் தலைதூக்காது என்று மேடிசன் சொல்லுகிறார். பெரிய குடியரசிலே மக்கள் குரல் தலைநகருக்கு எட்டவே எட்டாது என்று புரூட்டஸ் சொல்லுகிறார். வென்றவர் வாதமும் பாடம். தோற்றவர் வாதமும் பாடம். எடைபோட்டுப் பார்ப்பது மாணவனின் வேலை.

இன்னும் ஒன்று. 1963இல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய மடலும் அந்த ஒன்பதிலே அடக்கம். அநீதியான சட்டத்தை ஏன் மீறவேண்டும் என்று, அரசாங்கத்தின் கைதி ஒருவர் எழுதிய மடல், அரசாங்கம் பற்றிய தேர்வுக்குப் பாடம்! வெள்ளை மாணவருக்கும் கறுப்பு மாணவருக்கும் தனித்தனிப் பள்ளி என்ற கொடுமையை வீழ்த்திய 1954ஆம் ஆண்டின் பிரௌன் தீர்ப்பும் அந்தப் பதினான்கிலே ஒன்று.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1953 செப்டம்பர் 2 அன்று மாநிலங்களவையிலே நின்று, இந்த அரசமைப்பை எரிப்பதானால் முதல் ஆளாகத் தாமே நிற்பதாகச் சொன்னவர், அதனை வரைந்த குழுவின் தலைவர் அம்பேத்கர். சாதியைக் காக்கும் பிரிவுகள் அதிலே இருக்கின்றன என்று சொல்லி, 1957 நவம்பர் 26 அன்று அதனை எரிக்கும் போராட்டத்தை நடத்தியவர் பெரியார். ஆயிரக்கணக்கான தோழர்கள் சிறை புகுந்தனர். வரைந்தவர் ஏன் வருந்தினார்? எரித்தவர் எந்தப் பிரிவுகளை எண்ணி எரித்தார்? அவர்தம் வாதம் சரியா, தவறா? ஆதரித்தோ மறுத்தோ ஆறு பக்கம் எழுதட்டும் நம் மாணவன். எழுத வேண்டுமானால் அரசமைப்பை வரி வரியாகப் படித்தாகவேண்டும். போற்றி பாடுவதற்குப் படிப்புத் தேவையில்லை, வாதிடுவதற்குத் தேவை.

அமெரிக்காவைக் கண்டு வாய்பிளந்து நில்லுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தத் தேர்வு எழுதக் கட்டணம் உண்டு; ஏறத்தாழ 100 டாலர். எல்லாப் பள்ளியிலும் எல்லா ஏ.பி. பாடமும் கிடைப்பதில்லை. பயிற்சி நூல்களை விற்றுப் பிழைக்கும் வாணிபம் அங்கேயும் உண்டு. கறுப்பின மக்களின் வரலாற்றைக் கற்பிக்கப் புதிதாக ஒரு ஏ.பி. பாடம் வந்தபோது, 2023இல் புளோரிடா மாநில அரசு அதனை ஏற்க மறுத்தது. எதைப் படிக்கலாம் என்பதிலே அதிகாரத்தின் கை நுழைவது அங்கும் நின்றபாடில்லை. நாம் இரவல் கேட்பது அவர்களுடைய பாடத்தை அன்று. படிக்கும் முறையை மட்டுமே. அதுகூட இரவலன்று எனலாம். கொலம்பியாப் பல்கலைக் கழகத்திலே பயின்று, 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அவையின் முன் வைத்தபோது, அமெரிக்கக் கூட்டாட்சியோடு நமது கூட்டாட்சியை ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் அம்பேத்கர் விளக்கினார். ஒப்பிட்டு ஆய்வது நம்முடைய முன்னோடி காட்டிய வழி.

"நல்லது, ஆனால் நம் ஊர்ப் பிள்ளைக்கு அத்தகைய ஆவணங்கள் எங்கே? வழக்குகள் எங்கே?" என்று கேட்கின்றனர் சிலர். எங்கே என்றா கேட்கிறீர்கள்? இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கால் வைத்த இடமெல்லாம் கிடக்கின்றன! மூன்றை மட்டும் எடுத்துக் காட்டுவோம்.

முதலாவது. 1950 சனவரி 26 அன்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் யார்? இராசபாளையத்துப் பி.எஸ்.குமாரசாமி ராஜா. நோட்ஸ் இந்த ஒரு மதிப்பெண்ணோடு நின்றுவிடும். நாம் மேலே செல்வோம். அவருடைய ஆட்சிக் காலத்திலேதான், நீதிக்கட்சி நாளிலிருந்து வளர்ந்துவந்த வகுப்புரிமை ஆணை நீதிமன்றம் ஏறியது. கல்லூரி இடங்களை 14 14ஆகக் கூறுபோட்டு, பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டோருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறித்தவருக்கு 1, முசுலிம்களுக்கு 1 எனப் பங்கிட்டது அந்த ஆணை. செண்பகம் துரைராசன் வழக்கிலே 1950இல் உயர்நீதிமன்றம் அதனை வீழ்த்தியது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் வீழ்த்தியது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டு சூன் திங்களில் முதலாவது திருத்தம் வந்தது. 15ஆம் பிரிவிலே நான்காவது உட்பிரிவு முளைத்தது. பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது.

மாணவனே, இதோ உன் வினா: அமெரிக்காவின் பிரௌன் தீர்ப்பும் நம் செண்பகம் தீர்ப்பும் சமத்துவம் என்ற சொல்லை வைத்தே எழுந்தவை. ஒன்று ஒடுக்கப்பட்டவனுக்குக் கதவைத் திறந்தது. மற்றொன்று திறந்திருந்த கதவை அடைத்தது. ஏன்? எல்லாரையும் ஒன்றுபோல் நடத்துவது சமத்துவமா? நிலைக்குத் தக்கபடி நடத்துவது சமத்துவமா? 15(4) என்று உருப்போட்டவனுக்கு அது ஓர் எண். இந்த வினாவிலே மல்லாடியவனுக்கு அது தன் அக்காளின் கல்லூரிப் படிப்பு. தன் அண்ணனின் அரசு வேலை.

இரண்டாவது. 1952இல் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் காமராசர். 1954 ஏப்ரலில் அவர் சென்னையின் முதலமைச்சர் ஆனபோது, மாநிலச் சட்டமன்றத்தின் எந்த அவையிலும் அவர் உறுப்பினர் அல்லர். எவ்வாறு முடிந்தது? 164ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு ஆறு திங்கள் தவணை தருகிறது. அந்தத் தவணைக்குள் குடியாத்தம் இடைத்தேர்தலிலே நின்று, மக்கள் வாக்கைப் பெற்று வந்தார். அவருக்கு முன்பிருந்தவர் இராசகோபாலாச்சாரியார். 1952 தேர்தலிலே 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றிருந்த காங்கிரசுக் கட்சிக்குத் தலைவராகி, மக்களிடம் வாக்குக் கேளாமல், ஆளுநர் நியமனத்தால் மேலவை உறுப்பினராகி, முதலமைச்சர் நாற்காலியிலே அமர்ந்தார். ஒரே அரசமைப்பு, இரண்டு முதலமைச்சர்கள், இரண்டு வழிகள். எழுத்திலே இரண்டும் செல்லும். சனநாயக உணர்விலே இரண்டும் ஒன்றாகுமா?

இதனோடு அமெரிக்காவை ஒட்டிப் பாருங்கள். அங்கே காங்கிரசு அவையின் உறுப்பினர் அந்தப் பதவியை வைத்துக்கொண்டே அமைச்சராக முடியாது, அரசமைப்பு தடுக்கிறது. இங்கேயோ, அவையின் உறுப்பினராகாமல் ஆறு திங்களுக்குமேல் அமைச்சராக இருக்க முடியாது. அங்கே தடையாக இருப்பது இங்கே கட்டாயமாக இருக்கிறது! நாடாளுமன்ற முறைக்கும் அதிபர் முறைக்கும் வேறுபாடு யாது என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு, இரட்டைக் கட்டம் போட்டுப் பத்து வரி உருப்போட வேண்டியதில்லை. திருவில்லிபுத்தூரிலிருந்து குடியாத்தம் வரை காமராசரோடு பயணம் போனால் போதும். வேறுபாடு தானே விளங்கும்.

மூன்றாவது, நமக்கு மிக அருகிலிருப்பது. இராசபாளையத்துக்கு மேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே, ஆற்றங்கரையிலே இருக்கிறது அய்யனார் கோவில். விடுமுறை நாளிலே குளிக்கச் செல்வோரும், பொங்கலிடச் செல்வோரும், காற்று வாங்கிப் படிக்கச் செல்வோரும் அந்த வழியை அறிவர். போகும் வழியிலேயே, நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அய்யனார் அருள் பாலிக்கிறாரா என்ற ஆராய்ச்சியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம். அந்த இடத்தை ஆள்வது யார்? இதுதான் வினா.

காட்டைப் பாருங்கள். 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மலைக்காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் நாடாளுமன்றம் இயற்றியது. ஆற்றிலே வெள்ளம் வந்தால் வழியை அடைக்கும் வனத்துறை ஊழியரோ மாநில அரசின் ஊழியர். நீரைப் பாருங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியலிலே இருக்கிறது. ஊருக்குக் குடிநீர் வழங்குவதோ நகராட்சியின் வேலை. 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களிலே அது ஒன்று. கோவிலைப் பாருங்கள். சமய நிறுவனங்கள் என்ற பொருள் பொதுப் பட்டியலிலே இருக்கிறது. அதன்மேல் மாநிலம் இயற்றியது 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம். மலையிலே வாழும் பளியர் மக்களைப் பாருங்கள். அவர்களுடைய வன உரிமையை ஏற்கும் சட்டம் நாடாளுமன்றம் 2006இல் இயற்றியது. அந்த உரிமைக் கோரிக்கையை முதலிலே எடுத்து ஆராய வேண்டியதோ கிராம சபை. ஒரு காத தூரத்துக்குள்ளே தில்லி, சென்னை, நகராட்சி, கிராம சபை நான்கும் வந்து நிற்கின்றன! மூன்று பட்டியல்களையும் கண்மூடி ஓதும் மாணவன், கண்ணைத் திறந்தால் அவற்றை அந்த வழியிலேயே காணலாம்.

இதிலே உள்ளத்தைச் சுடும் செய்தி ஒன்றும் உண்டு. காடு முதலிலே மாநிலப் பட்டியலிலே இருந்தது. நெருக்கடி நிலை நாளிலே, 1976இல், 42ஆவது திருத்தம் அதனைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதே திருத்தத்தால் அன்று மாற்றப்பட்ட மற்றொரு பொருள் எது? கல்வி! அந்தக் காட்டு வழியிலே புத்தகத்தோடு நடக்கும் மாணவனின் காலடியில் இருக்கும் காடும் கையில் இருக்கும் கல்வியும், எதிர்க்கட்சித் தலைவர் பலர் சிறையில் இருந்த காலத்திலே, ஒன்றாகவே மாநிலத்தின் தனியுரிமையிலிருந்து நழுவின. மருத்துவக் கல்லூரிக்கு நீட் தேர்வு எழுதும் அவனுடைய வகுப்புத் தோழி, அந்த நழுவலின் விளைவைத் தன் தோளிலே சுமக்கிறாள். பொதுப் பட்டியலிலே எத்தனை பொருள்கள் என்று கேட்கும் ஒரு மதிப்பெண் வினா இதனை ஒருநாளும் சொல்லித் தராது.

கூட்டாட்சி பற்றிய எண்களும் அவ்வாறே. மக்கள் தொகையில் பெரியதானாலும் சிறியதானாலும் அமெரிக்க மாநிலம் ஒவ்வொன்றுக்கும் செனட்டிலே 2 இடம். 50 மாநிலத்துக்கு 100. நம் மாநிலங்களவையிலே உத்தரப்பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. எந்த முறை நேர்மையானது? சிறிய மாநிலம் எதை விரும்பும்? பெரிய மாநிலம் எதை விரும்பும்? எண்களை ஓதுவது எளிது. அவற்றைப் பேசவைப்பதுதான் படிப்பு.

தீர்ப்புகளை ஒப்பிட வேண்டுமா? அண்மைக் காலமே அள்ளித் தருகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய 10 சட்டமுன்வரைவுகள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். குடியரசுத் தலைவர் அனுப்பிய 14 வினாக்களுக்கு, அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தனர்: ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கொள்வதற்கும் இடமில்லை, காரணமில்லாது நெடுநாள் வாளாவிருந்தால் மட்டும் ஓரளவு தலையிடலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும் நம் பிள்ளைகள். 200ஆம் பிரிவின் சொற்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன? தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் முடிவு, நியமிக்கப்பட்டவரின் மேசையிலே எத்தனை நாள் உறங்கலாம்? நமக்கு ஒரு கருத்து உண்டு. இந்த ஏட்டைப் படிப்போர் அதனை அறிவர். ஆனால், மாணவன் நம் கருத்தையும் உருப்போட வேண்டியதில்லை. மாற்றுத் தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்து, பிறகு மறுக்கத் தெரிந்தவனே நமக்கு வேண்டும்.

மறுப்புரைகள் எழும், அறிவோம். "பாடம் முடிக்கவே நாள் போதவில்லை, வாதத்துக்கு நேரம் ஏது?" என்பர் உடன் பணிபுரியும் ஆசிரியத் தோழர்கள். அவர்தம் சுமையை நாமும் சுமக்கிறோம். ஆயினும் சொல்வோம்: ஒரே பட்டியலைப் பதினைந்து முறை ஒப்பிக்கச் செய்யும் நேரத்திலே, ஒரு வழக்கை ஒரு முறை விவாதிக்கலாம். விவாதித்தவனுக்குப் பட்டியல் மறப்பதில்லை. "கிராமத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா?" என்பர் வேறு சிலர். கிராமத்துப் பிள்ளைக்கு எட்டாது என்று சொல்லித்தானே காலங்காலமாகக் கல்வியை எட்டாத உயரத்திலே வைத்திருந்தார்கள்? அந்தப் பழைய பாட்டைப் புதிய இராகத்திலே நாமே பாடுவதா? ஊராட்சித் தேர்தலிலே யார் எந்தத் தெருவின் வாக்கைப் பெறுவார் என்று கணக்கிட்டுச் சொல்லும் பிள்ளைக்கு, மேடிசன் சொன்ன கூட்ட ஆதிக்கம் விளங்காதா? "கலைப் பிரிவு எடுப்பவன் மதிப்பெண் குறைந்தவன்" என்ற இளக்காரமும் ஒன்று உண்டு. எந்திரத்தை இயக்கக் கற்பவன் அறிவாளி, அரசாங்கத்தை இயக்கக் கற்பவன் அரைகுறை என்பது எந்த ஊர் நியாயம்?

தேர்வுக்கு ஆயத்தமாகும் தோழனுக்கு நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது. அரசமைப்புச் சட்டம் தமிழிலே கிடைக்கிறது. நோட்ஸைத் தொடுமுன் மூலத்தின் வரியைப் படி. ஒரு பிரிவைப் படித்தால், அதனால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கேள். ஒரு வாதத்தைப் படித்தால், அதற்கு எதிர்வாதத்தைத் தேடு. கிடைக்காவிட்டால் நீயே எழுது. ஒவ்வொரு பாடத்துக்கும் உன் ஊரிலே ஒரு சான்று கண்டுபிடி: ஒரு குடிநீர்க் குழாய், ஒரு சாலை, ஒரு சாதிச் சான்றிதழ், ஒரு வனத்துறைப் பலகை. நண்பர் நால்வர் சேர்ந்து இரண்டிரண்டாகப் பிரிந்து வாதிடுங்கள்; மறுநாள் தரப்பை மாற்றிக்கொண்டு வாதிடுங்கள். ஒரு மதிப்பெண்ணும் குறையாது. நமது சொல்லை நம்பலாம்.

பள்ளியிலே படித்து முடிக்காமல் பட்டியலுக்கு மாலை போட்டவர்கள், பிறகு அரசுப் பணித் தேர்வுக்காக அதே அரசமைப்பை அதே நோட்ஸிலே, அதே முணுமுணுப்போடு மீண்டும் ஓதுகின்றனர். வேலை கிடைத்ததும் நாற்காலியிலே அமர்கின்றனர். மனுவோடு வரும் முதியவளிடம், "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்கின்றனர். எவர் அதிகாரத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உருப்போட்ட கல்வியின் கடைசி விளைவு அந்த மூதாட்டியின் திரும்பிப் போகும் நடைதான்.

கண்மூடி வணங்குவதற்கு எழுதப்பட்ட ஏடன்று அரசமைப்பு. மூன்றாண்டுக்காலம் மன்றத்திலே வாதிட்டு எழுதினார்கள், 2023க்குள் 106 முறை திருத்தினார்கள், இன்னும் திருத்துவார்கள். அடுத்த திருத்தம் எதுவாக இருக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை, அடுத்த ஆண்டு வாக்களிக்கப் போகிறவனுக்கு உண்டு. சொல்லத் தெரியவேண்டும், அதற்குத்தான் படிப்பு.

ஒப்பிப்பதை நிறுத்துக, தோழனே. ஒப்பிடக் கற்றுக்கொள்!